பாய்சன் ஐவி தடிப்பு: வீட்டு வைத்தியம் எதுவரை, எப்படி

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். போன வார இறுதியில் வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் மண்டிக் கிடந்த கொடிகளை வெட்டிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து முன்கையில் கோடு கோடாகத் தடித்து, இப்போது நீர்க்கொப்புளமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி பட்டதுதான் என்கிறார். அரிப்பு தாங்கவில்லை. எங்களோடு வந்து தங்கியிருக்கும் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார். பூசலாமா? வேறு என்ன வீட்டு வைத்தியம் கேட்கும்? கைக்குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்று தூக்கவே பயமாக இருக்கிறது.

பதில்:

முதலில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடிப்பு ஒட்டாது. கொப்புளத்திலிருந்து கசியும் நீர் உங்கள் உடம்பே உண்டாக்கியது, அதில் செடியின் நஞ்சு கிடையாது. அது குழந்தை மேல் பட்டாலும் ஒன்றும் ஆகாது, உங்கள் உடம்பிலேயே வேறு இடத்தில் பட்டாலும் அங்கே புதிதாக எழும்பாது. பார்மசியில் வேலை பார்ப்பதால் கோடைக்காலம் முழுக்க இந்தப் பயத்தைக் கேட்கிறேன். கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தவித்த குடும்பங்களும் உண்டு, அத்தனையும் தேவையில்லாத தவிப்பு.

ஒட்டக்கூடியது வேறொன்று: செடியின் சாற்றில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெய்ப் பிசின். இலை, தண்டு, வேர் என்று எங்கே கீறினாலும் வரும். அது கண்ணுக்குத் தெரியாமல் கத்தரிக்கோலின் கைப்பிடியில், ஷூ நாடாவில், கையுறையில், அன்று போட்டிருந்த சட்டையில், வேலியோரம் ஓடிய நாயின் ரோமத்தில் இருக்கும். தானாக ஆவியாகிப் போகாது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், சில சமயம் வருடக்கணக்கிலும். அதனால் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது உங்கள் கையைப் பார்த்து அல்ல, கராஜில் கழற்றிப் போட்ட ஷூவைப் பார்த்துத்தான்.

ஆகவே எந்த மருந்தைத் தேடுவதற்கும் முன்னால் இன்றைக்கே அந்த எண்ணெயைத் துரத்துங்கள். அன்று போட்ட துணிகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல், சுடுநீரில், வழக்கமான டிடர்ஜென்ட் போட்டுத் துவையுங்கள். கருவிகளையும் ஷூவையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது ரப்பிங் ஆல்கஹாலால் துடையுங்கள். வேலை செய்யும்போது கையுறை முக்கியம். ஆனால் மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம், உருஷியால் அதை ஊடுருவிவிடும். தடிமனான வினைல் கையுறை நல்லது. நாய் இருந்தால் கையுறையோடு அதையும் குளிப்பாட்டிவிடுங்கள். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது, அதைத் தடவுகிறவருக்குத்தான் வரும்.

"கழுவிய பிறகும் புதுப்புது இடத்தில் வருகிறதே" என்று அடுத்து கேட்பீர்கள். உடலில் எண்ணெய் அதிகம் பட்ட இடமும் தோல் மெல்லிய இடமும் முதலில் எழும்பும். மணிக்கட்டின் உட்பக்கம் இரண்டாம் நாளே வந்துவிடும், முழங்காலுக்குக் கீழே தடித்த தோலில் நாலைந்து நாள் தள்ளிக்கூட வரும். பார்க்கிறவருக்குப் பரவுவது போலத் தோன்றினாலும் எல்லாம் அன்று பட்டதுதான். ஆனால் ஒரு வாரம் தாண்டியும் புதிய கோடுகள் வந்துகொண்டே இருந்தால், கழுவாத ஏதோ ஒரு பொருளை நீங்கள் தொட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் எந்த வைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்பது தானாகப் புரியும். உருஷியால் நேரடியாகத் தோலைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. அது தோலுக்குள் நுழைந்து நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. உடனே நம் நோய் எதிர்ப்பு அமைப்பிலிருக்கும் டி செல்கள் அந்தப் புரதங்களை வேற்றாளாக நினைத்துத் தாக்குகின்றன. இந்தத் தாக்குதல்தான் தடிப்பும் கொப்புளமும். டி செல்கள் திரண்டு வர நேரம் ஆகும் என்பதால்தான் ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறது. வாழ்க்கையிலேயே முதல் தடவை பட்டவர்களுக்கு இரண்டு மூன்று வாரம்கூடப் பிடிக்கலாம். உங்களுக்கு இரண்டே நாளில் வந்திருக்கிறது என்றால் முன்பு எப்போதோ இந்தச் செடியோ இதன் உறவுக்காரச் செடியோ உங்கள் மேல் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவிடம் சேராங்கொட்டை என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். சேராங்கொட்டை, மா, முந்திரி, பாய்சன் ஐவி நான்கும் ஒரே தாவரக் குடும்பம், நஞ்சும் ஏறக்குறைய ஒரே வகை. மாம்பழத் தோல் பட்டு வாயைச் சுற்றித் தடிக்கிறவர்கள் இருப்பதும் இதனால்தான். ஒருமுறை பாய்சன் ஐவி வந்தவர்கள் மாம்பழத்தைத் தோல் சீவியே சாப்பிடுவது நல்லது, சீவுகிற வேலையையும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

தாக்குதல் ஆரம்பித்த பிறகு அதை நிறுத்த வீட்டில் இருக்கும் எந்தப் பொருளாலும் முடியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அது தானே அடங்கும். அதுவரை அரிப்பைத் தாங்கக்கூடியதாக ஆக்குவதும், சொறிந்து புண்ணாக்காமல் காப்பதும்தான் வீட்டு வைத்தியத்தின் வேலை. சின்ன வேலை இல்லை அது. "மூன்றே நாளில் மறையும்" என்று யாராவது எதையாவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

என்ன பூசுவது என்பது தடிப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீர் கசிகிற காலத்தில் உலர்த்துகிற பொருள் வேண்டும், காய்ந்து பக்கு கட்டிய பிறகு ஈரப்பதம் தருகிற பொருள் வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு "அது எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

நீங்கள் இருப்பது கொப்புள நிலை. இந்த நிலைக்கு என் கையில் இருப்பதிலேயே சிறந்தது குளிர்ந்த ஈரத்துணி. காசே இல்லாதது என்பதால் யாரும் மதிப்பதில்லை, ஆனால் நான் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, தடிப்பின் மேல் போட்டு 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். துணி காயக் காய மறுபடி நனையுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது, விரிந்திருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கசிவும் குறைகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்யலாம். மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி மூடாதீர்கள், ஆவியாவதுதான் இதில் வேலையே. ஐஸை நேரே தோலில் வைக்க வேண்டாம். ஒருமுறை போட்ட துணியைத் துவைக்காமல் மறுபடி போடவும் வேண்டாம். கசிவு அதிகமாக இருந்தால் மருந்துக்கடையில் டோம்போரோ என்ற பெயரில் தூள் பொட்டலம் கிடைக்கும். தண்ணீரில் கரைத்தால் அலுமினியம் அசிடேட் கரைசலாகும், அதில் துணியை நனைத்துப் போட்டால் கொப்புளம் சீக்கிரம் வற்றும்.

துணியை எடுத்த பிறகு காலமைன் லோஷன். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பஞ்சால் மெல்லிசாகத் தொட்டு வைத்துக் காயவிடுங்கள். அதிலிருக்கும் துத்தநாக ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும். முந்தைய பூச்சின் மேலேயே அடுக்கடுக்காகப் பூசினால் பாளம் பாளமாகக் காய்ந்து, உரியும்போது தோலையும் இழுக்கும். அதனால் அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

உடம்பில் பரவலாக இருந்தால் ஓட்ஸ் குளியல். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத வெறும் ஓட்ஸ் ஒரு கப் எடுத்து மிக்ஸியில் மாவு போல அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் போல வெளுத்து நிற்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். இந்த மாவை வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியில் தூவிக் கலக்கி 15 நிமிடம் உட்காருங்கள். ஓட்ஸில் அழற்சியைத் தணிக்கும் அவினந்த்ரமைடு என்ற பொருள் உண்மையிலேயே இருக்கிறது, கூடவே தோல் மேல் மெல்லிய படலமாகவும் படியும். எழுந்த பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒரு எச்சரிக்கை: தொட்டி பயங்கரமாக வழுக்கும். அம்மா வயதில் இருக்கிறவர்கள் இதைச் செய்வதாக இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். தொட்டி இல்லையென்றால் ஓட்ஸ் மாவைத் துணியில் முடிந்து, நீரில் ஊறவைத்து, தடிப்பின் மேல் ஒற்றினாலே போதும்.

பேக்கிங் சோடாவும் சிலருக்குக் கேட்கிறது. மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, உடையாத கொப்புளங்கள் மேல் சின்ன இடத்தில் வைத்துப் பாருங்கள், காய்ந்ததும் கழுவிவிடுங்கள். உடைந்த தோலில் எரியும். என் கணக்கில் இது ஓட்ஸுக்கு அடுத்த இடம்தான்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். தானாக உடைந்தால் மேல் தோலை உரித்து எடுக்காமல் அப்படியே விடுங்கள், கீழே வளரும் புதுத் தோலுக்கு அதுதான் மூடி. மென்மையான சோப்பால் கழுவி, கொஞ்சம் வாசலின் தடவி, ஒட்டாத கட்டு போட்டால் போதும்.

நான்கைந்து நாளில் கசிவு நின்று, பக்கு கட்டி, தோல் இறுக்கமாக வலிக்க ஆரம்பிக்கும். அப்போது காலமைனையும் சோடாவையும் ஓரங்கட்டிவிடுங்கள், இனி அவை தோலை இன்னும் வெடிக்கவைக்கும். அந்த நேரம் வாசலின், வாசனை சேர்க்காத கிரீம், கலப்பில்லாத கற்றாழை ஜெல் ஆகியவற்றுக்கானது. தேங்காய் எண்ணெயையும் அப்போது தடவலாம், ஈரப்பதத்தைக் காக்கும். ஆனால் செடி பட்ட அன்று, சோப்பு போட்டுக் கழுவும் முன், எந்த எண்ணெயையும் தேய்க்கவே கூடாது. உருஷியால் எண்ணெயில் கரைந்து இன்னும் அகலமாகப் பரவும்.

இப்போது அம்மா சொன்ன மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் வருகிறேன். அவர் அக்கறையில் சொல்கிறார், மற்றபடி இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஆனால் இந்தப் புண்ணுக்கு வேண்டாம். மஞ்சளே சிலருக்குத் தொடு அலர்ஜி உண்டாக்கும். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் தோலில் அது இன்னொரு அலர்ஜியைக் கிளப்பினால் எது எதனால் வந்தது என்று மருத்துவருக்கே குழப்பம். அரைத்த விழுது காய்ந்து இறுகினால் அதைக் கழுவி எடுக்கும்போது கொப்புளம் கிழியும். மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: மஞ்சள் கறை படிந்த தோலில் கிருமித் தொற்று ஆரம்பித்தால் நிறமாற்றம் தெரியாது. நம் நிறத்துத் தோலில் சிவப்பு ஏற்கெனவே மங்கலாகத்தான் தெரியும், கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதையும் மறைத்துவிடக் கூடாது. வேப்பிலையைப் பச்சையாக அரைத்தால் இலையில் இருக்கும் தூசியும் கிருமியும் திறந்த புண்ணுக்குள் போகும். சந்தனமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மாவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருந்தால் ஈரத்துணி மாற்றுகிற வேலையை அவரிடம் கொடுங்கள், உங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

வினிகர், ப்ளீச், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி என்று இங்கே உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பொருள்களும் உண்டு. "எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்ற எண்ணம் இதற்கெல்லாம் காரணம். எரிவது தோல்தான், தடிப்பு இல்லை. ஓடையோரம் வளரும் ஜூவல்வீட் செடியின் சாறு இன்னொன்று. இந்த மண்ணின் பழங்குடி மக்கள் காலம் காலமாகப் பயன்படுத்தியது. பரிசோதித்துப் பார்த்தபோது, செடி பட்ட உடனே பச்சையாக நசுக்கித் தேய்த்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் ஜூவல்வீட் சேர்த்துச் செய்த சோப்பு மற்ற சோப்புகளைவிட மேலாக இல்லை. தடிப்பு வந்த பிறகு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நல்ல சூடான நீரைக் காட்டினால் அரிப்பு சில மணி நேரம் அடங்கும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் சூடு ரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தைக் கூட்டும், கை மரத்த நிலையில் வெந்துபோகிற அபாயமும் உண்டு. நான் பரிந்துரைப்பதில்லை.

கடையில் வாங்கும் கிரீம்களில் இரண்டு மூன்றை ஒதுக்கச் சொல்வேன். டைஃபென்ஹைட்ரமின் கலந்த பூச்சு, பென்ஸோகெய்ன் கலந்த மரத்துப்போகச் செய்யும் பூச்சு, நியோமைசின் உள்ள ஆன்டிபயாடிக் களிம்பு மூன்றும் புண்ணான தோலில் புது அலர்ஜியைக் கொண்டுவரலாம். லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் கிரீமை வாங்கலாம், ஆனால் அது தடிப்பு எழும்பும் ஆரம்பத்தில்தான் ஓரளவு கேட்கும், பெரிய கொப்புளம் வந்த பிறகு பலன் குறைவு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

அலர்ஜி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. கொசுக்கடி அரிப்புக்குக் காரணம் உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள், இந்த மாத்திரை தடுப்பது அதைத்தான். இங்கே முக்கியமாக வேலை பார்ப்பது டி செல்கள். அதனால் பகலில் தூக்கம் வராத வகை மாத்திரை போட்டுவிட்டு அரிப்பு குறையவில்லையே என்று வருந்த வேண்டாம், அது குறைக்க வேண்டிய அரிப்பு இது இல்லை. தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரை ராத்திரியில் தூங்க உதவும், அவ்வளவுதான். நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரையோ பார்மசிஸ்டையோ கேட்காமல் எடுக்காதீர்கள், அம்மாவுக்கும் கொடுக்க வேண்டாம், வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் குழப்பமும் வரும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, படுக்கும் முன் ஒரு தடவை ஈரத்துணி போட்டு, அறையைக் குளிர்ச்சியாக வைத்துப் படுங்கள். போர்வைச் சூட்டில்தான் அரிப்பு உச்சத்துக்குப் போகிறது.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முகம் வீங்கினால், கண் அருகில், வாயில், பிறப்புறுப்பில் வந்தால், உடம்பில் கால் பங்குக்கு மேல் பரவினால், காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், சீழ் வைத்தால், தடிப்பைச் சுற்றி வலியும் சூடும் நாளுக்கு நாள் கூடினால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ யோசிக்காமல் அவசர எண் 911-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் அமெரிக்கா முழுக்க விஷ உதவி மையத்தின் எண் 1-800-222-1222, இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசுவார்கள்.

மருத்துவர் ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். கடுமையான பாய்சன் ஐவிக்கு இரண்டு முதல் மூன்று வாரம் வரை, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆறு நாளில் முடிந்துவிடும் ஸ்டீராய்டு பேக் கொடுத்தால் முதல் வாரம் அற்புதமாக இருக்கும், மாத்திரை தீர்ந்ததும் தடிப்பு முழு வேகத்தில் திரும்பி வரும். கவுண்டரில் நின்று நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

ஆறிய பிறகு கருப்புத் தழும்பு போல நிறம் தங்கும், மாநிறத்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் இருக்கும். அது வடு இல்லை, மெல்ல மறையும். வெயிலில் போகும்போது அந்த இடத்தை மூடுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் போடுங்கள்.

கடைசியாக, அடுத்த முறைக்கு. செடி பட்டது தெரிந்தால் முதல் பத்து நிமிடம் பொன்னான நேரம், அரை மணி ஆனால் பெரும்பகுதி தோலோடு பிணைந்துவிடும். தாமதமானாலும் கழுவுங்கள், கொஞ்சமாவது குறையும். இதற்கென்று விற்கும் டெக்னு என்ற கிளென்சர், மெக்கானிக்குகள் கிரீஸ் போக்கும் கைப்பசை, சாதாரண பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2000-ல் வந்தது. முறையே 70, 62, 56 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தும் அளவில் இல்லை. சமையலறை சோப்பே போதும், ஆனால் ஒரு துணியால் அழுத்தித் தேய்த்து, அலசி, மறுபடி இரண்டு தடவை தேய்க்க வேண்டும். நுரை போட்டு வழித்துவிட்டால் போகாது.

நீங்கள் வெட்டிப் போட்ட கொடிக் குவியல் இன்னும் வேலியோரம் கிடக்கும் என்று நினைக்கிறேன். காய்ந்த கொடியிலும் நஞ்சு அப்படியே இருக்கும். தயவுசெய்து கொளுத்தாதீர்கள். உருஷியால் புகையோடு ஏறி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். உரக்குழியிலும் போடாதீர்கள். முழுக்கைச் சட்டை, வினைல் கையுறை போட்டு, தடித்த பையில் கட்டி, உங்கள் ஊராட்சி குப்பைக்கு என்ன விதி வைத்திருக்கிறதோ அப்படி அகற்றுங்கள். செடியை அடையாளம் காண்பது இப்படி: மூன்று மூன்றாக இலை, அதில் நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, முள் கிடையாது, முதிர்ந்த கொடி மரத்தில் ஏறினால் கயிறு போல ரோமம் ரோமமாக வேர் விடும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் அந்த ரோமக் கொடிதான் அடையாளம். வேர்த்துண்டு கொஞ்சம் மண்ணில் தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்குங்கள். அடுத்த வசந்தத்தில் சிவப்பாக மினுமினுக்கும் தளிர் வருகிறதா என்று, குழந்தை அந்தப் பக்கம் தவழ்ந்து போகும் முன், ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.